தீம் பார்க்கை விட்டுவிட்டு வால்பாறைக்குப் போனோம்

பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த சனி, ஞாயிறு. கோவை பக்கத்து இருகூரில் கிளம்பி வால்பாறை போய், ஓர் இரவு தங்கி, திரும்ப இருகூர். எஸ்டேட்டுக்குள் வழி கேட்டு அலைந்ததையும் சேர்த்து 262 கிலோமீட்டர். போனது நான், என் அக்கா எஸ்தர், அக்கா வீட்டுக்காரர் தேவராஜ் மாமா, அவர்கள் மகள் பிரின்சி. பிரின்சிக்குப் பத்து வயது. இரண்டு வருடமாக ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்கிறது. "ஐயோ பாவம்" என்று பின்னூட்டம் போட நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவள் பாவமில்லை. எந்த விளையாட்டிலும் கூசாமல் ஏமாற்றுகிறவள்.

வழக்கமாக இந்த வலைப்பூவில் என் ஞாயிற்றுக்கிழமை பஸ் பயணங்களைத்தான் எழுதுவேன். ஒரு பம்ப் கம்பெனியில் தர ஆய்வு வேலை. வாரம் ஆறு நாள் இரும்பை அளந்துவிட்டு ஏழாவது நாள் எங்காவது ஓடிவிடுவேன். இந்த முறை கார். கடுமையான நோய் வந்த குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றி வைக்கும் ஓர் அமைப்பு கொடுத்தது. பெயர் வேண்டாம். இந்த மாதிரி அமைப்புகள் உங்கள் வீட்டுக்கும் வரலாம் என்பதால்தான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் அந்த அமைப்பிலிருந்து ஒரு மேடமும் கேமராவோடு இரண்டு பையன்களும் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா வீட்டில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. மூன்றிலும் அவர்கள் உட்கார்ந்தார்கள், நாங்கள் நின்றோம். மேடம் பிரின்சியின் மொட்டைத் தலையைத் தடவி, "உனக்கு என்ன ஆசை கண்ணு?" என்றார்.

"கௌசி ஊட்டுக்குப் போகோணுமுங்க."

"கௌசி யாரு?"

"என்ற பிரண்டுங்க. வால்பாறைங்க. ஆஸ்பத்திரில பக்கத்துப் பெட்டு."

மேடம் சிரித்தார். "அங்க எப்ப வேணா போலாமே கண்ணு. நல்லா யோசிச்சு, பெருசாக் கேளு. பிளைட்டு, லேப்டாப், நடிகரு யாரையாச்சும் பாக்கறது, தீம் பார்க்..."

பிரின்சி மறுபடியும் கௌசி என்றாள். மேடம் மாமாவைப் பார்த்தார். மாமா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க."

இந்த வாக்கியத்தை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் பக்கத்து மரியாதை ஊருக்கே பிரசித்தம். நாய்க்குக்கூட 'ங்க' போடுவோம் என்று கேலி செய்வார்கள். அந்த 'ங்க'வை ரசிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: எல்லாரும் எல்லாருக்கும் ஒரே அளவில் போடுவதில்லை. மாமாவின் அப்பாவும் தாத்தாவும் தோட்டத்துக்காரர் வீட்டுப் பண்ணையத்தில் கூலியாட்களாக இருந்தவர்கள். மாமா இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை பார்க்கிறார், சொந்தமாக பைக் வைத்திருக்கிறார், ஆனாலும் நல்ல சேலை கட்டி நல்லது செய்ய வந்த ஒருவரிடம் 'இல்லை' என்று சொல்ல அவருக்கு நாக்கு வளையாது. இந்தப் பயணம் வரை வளைந்ததில்லை.

அப்படித்தான் பிரின்சியின் ஆசை, கேரளப் பக்கம் ஒரு தீம் பார்க், அங்கேயே ஓர் இரவு ரிசார்ட் என்று ஆனது. தண்ணீர்ச் சறுக்கு உள்ள பார்க். கூட்டத்துக்குள் போகக் கூடாது, நீச்சல் குளத்துத் தண்ணீர் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தது அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. டாக்டரிடம் யாரும் கேட்கவுமில்லை. போயிருந்தால், மற்ற பிள்ளைகள் குதிப்பதை மாஸ்க் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் அவளுக்குக் கிடைத்திருக்கும்.

கௌசி விஷயம் இதுதான். கௌசல்யா, பதினோரு வயது, வால்பாறை தேயிலை எஸ்டேட் ஒன்றில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுப் பெண். பிரின்சிக்கு வந்த அதே நோய். இருவரும் ஏழு மாதம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள். ஊசி மருந்துக் குப்பிகளின் கலர் மூடிகளைச் சேர்த்துவைத்து ஏதோ ஓர் ஆட்டம் கண்டுபிடித்திருந்தார்கள்; விதிகள் அவர்களுக்கு மட்டுமே தெரியும். தீவிர சிகிச்சை முடிந்து, தினமும் மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை என்ற கட்டத்துக்கு இருவரும் வந்திருந்தார்கள். டிசம்பர் தேதிக்குக் கௌசி வரவில்லை. ஜனவரி தேதிக்கும் வரவில்லை. அவள் அம்மாவின் போன் ஸ்விட்ச் ஆஃப். அந்த வார்டில் ஒரு பிள்ளை வராமல் போனால் மற்ற பிள்ளைகள் ஏன் என்று கேட்பதில்லை. பிரின்சி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை காலை 6.10க்குக் கார் வந்தது. ஏழு பேர் உட்காரும் வண்டி. கண்ணாடியில் "பிரின்சியின் ஆசைப் பயணம்" என்று ஸ்டிக்கர். பின்னால் ஒரு பிளெக்ஸ் பேனர், அமைப்பின் பெயர் போட்ட நாலு டி-சர்ட். நிற்கும் இடத்தில் எல்லாம் பேனரைப் பிடித்துப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். டிரைவர் சண்முகண்ணன், ஆனைமலைக்காரர், ஐம்பது வயது இருக்கும். டி-சர்ட்டைப் பார்த்து பிரின்சி, "துணி தொவைக்கற சோப்பு விளம்பரமாட்ட இருக்குது" என்றாள். யாரும் போடவில்லை.

அக்கா இட்லியும் வெந்நீர் பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டாள். இந்தச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு வெளிச் சாப்பாடு வேண்டாம். இரண்டு நாளுக்கும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளுங்கள் அல்லது கண்ணெதிரே கொதிக்கவைத்துத் தரும் இடமாகப் பாருங்கள்.

பைபாஸில் போய் 6.50க்கு ஈச்சனாரி சந்திப்பு. நேரே போனால் பாலக்காடு, இடது பக்கம் திரும்பினால் பொள்ளாச்சி. அங்கே பிரின்சி முன் சீட்டிலிருந்து சொன்னாள்: "டிரைவரண்ணா, லெப்டுல திருப்புங்க."

"லெப்டு எதுக்கு அம்மணி? பாலக்காடு நேரால்ல."

"ஸ்டிக்கர்ல என்னோட ஆசைன்னுதானுங்க போட்டிருக்குது? என்ற ஆசை வால்பாறைங்க."

சண்முகண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். "எனக்கு ரெண்டு நாளு, முன்னூறு கிலோமீட்டருன்னு சொல்லியிருக்காங்க. எந்தப் பக்கம்னு நீங்களே பேசிக்கோங்க. நான் ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்."

காருக்குள் சண்டை. நான் பிரின்சி பக்கம். அக்கா பயந்தாள். மாமா என்னிடம், "அவிய செலவு பண்ணிக் கூட்டிட்டுப் போறாங்க. நாம பாட்டுக்கு வேற பக்கம் போனா என்ன நெனப்பாங்க?" என்றார்.

"தண்ணி பார்க்குக்குப் போயி இவளுக்குக் காய்ச்சல் வந்தா அவங்க என்ன நெனப்பாங்கன்னு பாத்துக்கலாமுங்க மாமா" என்றேன். வாயை அடக்கச் சொன்னார். நான் அடக்கவில்லை. போனை எடுத்து மேடத்துக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வால்பாறை போகிறோம் என்று செய்தி மட்டும் அனுப்பினேன். சண்முகண்ணன் டீ முடித்துவிட்டு வந்தார், மாமா முகத்தைப் பார்த்தார், மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி இடது பக்கம் திரும்பியது.

பொள்ளாச்சி 7.45. ஆழியாறு செக்போஸ்ட் 8.35. வால்பாறைக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்கள் இப்போது இ-பாஸ் எடுக்க வேண்டும், எங்களிடம் இல்லை. செக்போஸ்ட் அருகில் நின்று என் போனிலேயே பதிவு செய்ய இருபது நிமிடம் ஆனது. நீங்கள் வீட்டிலேயே செய்துவிடுங்கள். அதன் பிறகு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் பிள்ளைகளை முன் சீட்டில் உட்கார வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஒவ்வொரு பத்து வளைவுக்கும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஒன்பதாம் வளைவில் ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். பதினான்காம் வளைவுக்கு மேலே தடுப்புச் சுவர்மேல் இரண்டு வரையாடுகள் நின்று எங்களையே பார்த்தன. "என்னைத்தான் பாக்குது, தலைல முடி இல்லைன்னு" என்றாள் பிரின்சி.

வால்பாறை ஊருக்குள் 10.50. அங்கிருந்து எஸ்டேட் பதினோரு கிலோமீட்டர். எங்களிடம் முகவரி கிடையாது. எஸ்டேட் பெயரும், "பேக்டரி தாண்டி சர்ச்சு, சர்ச்சு தாண்டி தண்ணித் தொட்டி, அங்கிருந்து மூணாவது லைன்" என்று கௌசி கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னதும்தான் இருந்தது. அதை பிரின்சி மனப்பாடமாக வைத்திருந்தாள். மூன்று இடத்தில் கேட்டோம். 12.15க்கு லைன் வீடுகள் முன்னால் நின்றோம்.

போகிறவர்கள் தேயிலைக்கு நடுவே நின்று போட்டோ எடுப்பீர்கள். எடுங்கள். பின்னால் வரிசையாகத் தெரியும் தகர ஓட்டு வீடுகளும் அந்தப் போட்டோவில் அழகாகத்தான் விழும். ஓர் அறை, ஒரு சமையலறை, மழையில் ஒழுகும் கூரை. காய்ச்சல் மாத்திரைக்கு மேல் எதுவும் இல்லாத மருந்தகம். ரத்தம் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் கீழே இறங்க வேண்டும்.

பொதுக் குழாயடியில் ஒரு பெண் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். தலை நிறையச் சுருட்டை முடி. எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. பிரின்சிக்குத் தெரிந்தது.

"ஏய் கௌசி! அழுகுணி!"

அவள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். "நீதான்டி அழுகுணி. கடசி ஆட்டத்துல பச்ச மூடிய ஒளிச்சு வெச்சவ."

"உனக்கு மட்டும் எப்படிடி முடி? எனக்கு இன்னும் கோழிக்குஞ்சாட்டந்தான் இருக்குது."

"மலைக்காத்துடி. நீ புகைக்குள்ள கெடக்கற."

அக்கா அழுதாள். நான் அழவில்லை என்று பொய் சொல்லப் போவதில்லை. கௌசி உயிரோடு இருக்கிறாள், எங்களைவிட நன்றாகக் கத்துகிறாள். ஆசை நிறைவேறியது, பயணம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பிரின்சி மட்டும் கேட்டாள்: "மஞ்ச மாத்திரை போட்டுட்டியா இன்னைக்கு?"

"அது ராத்திரிக்குல்ல."

"நேத்து ராத்திரி போட்டியா?"

கௌசி பாத்திரத்தைப் பார்த்தாள். "தீந்துபோச்சு."

"எப்ப?"

"கிறிஸ்துமஸுக்கு முந்தியே."

எங்கள் அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இந்த நோயில் பிள்ளை ஓடியாடுவதும் முடி வளர்வதும் குணமானதற்கு அர்த்தம் இல்லை. அந்த மாத்திரையை இரண்டு, இரண்டரை வருடம் விடாமல் போட வேண்டும். நிறுத்தினால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு உண்டு. இதை எல்லாத் தாய்மார்களும் வார்டில் கேட்டிருக்கிறார்கள். கௌசியின் அம்மா சரசக்காவும் கேட்டிருக்கிறார்.

ஒரு மணிக்கு, பறித்த தேயிலையை எடை போட்டுக் கொடுத்துவிட்டு சரசக்கா வந்தார். கணவர் மூணாறு பக்கம் கட்டட வேலை, மாதம் ஒருமுறை வருகிறவர். எங்களைப் பார்த்ததும் முதலில் செய்தது, பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்ததுதான். டீ போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று அக்கா கேட்டாள்.

"போன நவம்பர்ல மழைல ரோட்டுல மரம் உளுந்து பஸ் ஓடலீங்க. போனும் மழைல நனைஞ்சு கெட்டுப்போச்சுங்க. நாலு நாளு தள்ளித்தான் போனமுங்க. அங்க டாக்டரு சத்தம் போட்டுப்போட்டாருங்க. இஷ்டத்துக்கு வரதுன்னா இனிமேல் வராதேன்னு."

"சரிங்க, அதுக்கு?"

"வராதேன்னு சொன்ன எடத்துக்கு எப்படீங்க போறது?"

நான் எரிச்சலில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மாமா என் கையைப் பிடித்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் நேரம் பிடித்தது. நகரத்தில் அது ஒரு கோபப் பேச்சு. அடுத்த மாதம் போய் நின்றால் அந்த டாக்டரே மறந்திருப்பார். சரசக்காவுக்கு அது உத்தரவு. மேலே இருப்பவர் வராதே என்றால் வரக் கூடாது. மீறிப் போவது மரியாதையில்லை. அந்த மரியாதைக்கு ஒரு பிள்ளையின் உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கார்ல இன்னும் ரெண்டு சீட்டு காலியாத்தான் இருக்குது" என்றாள் பிரின்சி.

ஞாயிறு புறநோயாளிகள் பிரிவு கிடையாது, இனித் திங்கட்கிழமைதான். ஞாயிறு கீழே இறங்கி இருகூரில் எங்களோடு தங்கிவிட்டு, திங்கள் காலை போவது என்று பேசினோம். ஒரு நாள் கூலி போகும், சூப்பர்வைசரிடம் லீவு கேட்க வேண்டும் என்று சரசக்கா தயங்கினார். மாமா அவரோடு நடந்து போய்க் கேட்டு வாங்கி வந்தார். நாங்கள் வால்பாறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம்: நாலு பேர் அறை 1,400 ரூபாய், வெந்நீர் காலை ஏழு வரை மட்டும். கம்பளி போர்வை கேட்டு வாங்குங்கள். பிரின்சி மட்டும் கௌசி வீட்டிலேயே தங்குவேன் என்று அடம் பிடித்தாள்; குளிர் காரணமாக அதில் மட்டும் தோற்றாள்.

ஞாயிறு காலை 9.20. லைன் வீட்டு முன்னால் பையைக் காரில் ஏற்றும்போது மேடம் டிரைவரைக் கூப்பிட்டார். சண்முகண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். எங்களை வால்பாறையில் விட்டதற்கே அவருக்குத் திட்டு. அதற்குள் இன்னொரு குழந்தையையும் ஏற்றுகிறோம் என்று அவர் சொல்லிவிட்டார்.

"அந்தக் குழந்தை எங்க லிஸ்ட்ல இல்லீங்க. வழியில ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? ஏத்தாதீங்க. அவங்க கேக்கலைன்னா வண்டிய எடுத்துட்டுக் காலியா வந்துருங்க."

"காலி வண்டி இந்த வளைவுல ரொம்ப ஆடுமுங்க மேடம்" என்றார் சண்முகண்ணன்.

மாமா கையை நீட்டிப் போனை வாங்கினார். "வணக்கமுங்க மேடம்... ஆமாங்க... சரிங்க... நீங்க சொல்றது சரிதானுங்க..." சரசக்கா பையைக் கீழே இறக்க ஆரம்பித்துவிட்டார். மாமா அதைப் பார்த்தார்.

"இல்லீங்க மேடம்."

அந்தப் பக்கம் ஏதோ பேசினார்கள்.

"இல்லீங்க. அந்தப் புள்ளைய உட்டுப்போட்டு நாங்க வரமாட்டமுங்க. எம்புள்ள உங்ககிட்ட ஆசைன்னு சொன்னது இதுதானுங்க. நாந்தான் அன்னைக்கு வாயத் தொறக்காம நின்னுட்டேன். என்ன ஆனாலும் நான் பொறுப்புங்க. போனை வெச்சுரட்டுங்களா?"

போனைத் திருப்பிக் கொடுத்தார். இறக்கிய பையைத் தானே தூக்கி மறுபடியும் காரில் வைத்தார். மேடம் திரும்ப அழைக்கவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும்: வண்டியையும் நிறுத்தவில்லை. அவர் கெட்டவரில்லை. கொடுப்பவர் விரும்புவதைத்தான் வாங்குபவர் ஆசைப்பட வேண்டும் என்று நினைத்துப் பழகியவர், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்துக்கு நாமும் ஒத்தாசை செய்கிறோம்.

9.40க்கு இறங்க ஆரம்பித்தோம். ஏழு பேர் வண்டியில் ஏழு பேர். வளைவுகளை இரண்டு பேரும் நாற்பதிலிருந்து தலைகீழாக எண்ணினார்கள். இருபத்து மூன்றில் கௌசியும் இருபத்து ஒன்றில் பிரின்சியும் வாந்தி எடுத்தார்கள், யார் முதலில் எடுத்தது என்று ஆழியாறு வரை சண்டை. பொள்ளாச்சி 12.30, இருகூர் 2.10.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு டோக்கன், பதினொன்றரைக்கு அழைப்பு. நான் அரை நாள் லீவு போட்டுப் போயிருந்தேன். டாக்டர் அட்டையைப் புரட்டியதும் ஆரம்பித்தார்: "ரெண்டு மாசமா எங்கம்மா போயிருந்தே? புள்ள மேல அக்கறை இருக்கா இல்லையா?"

சரசக்கா தலை குனிந்து நின்றார். பிறகு மெதுவாக, "நீங்கதானுங்க வராதேன்னீங்க" என்றார்.

"நானா?"

"நீங்கதானுங்க. இதே சட்டைதான் போட்டிருந்தீங்க."

பிரின்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சட்டையைக் குனிந்து பார்த்தார். "அது ஏதோ கோவத்துல சொன்னதும்மா. அதுக்காக வராம இருப்பாங்களா?"

"கோவத்துல சொன்னதா, நெசமா சொன்னதான்னு எங்களுக்கு எப்படீங்க தெரியும்? தேதி தப்பிப்போனாலும் வரலாம்னா அத அட்டைல எழுதிக் குடுத்துருங்க."

அவர் எழுதினார். சிவப்பு மையில், கையெழுத்தோடு.

ரத்தம் எடுத்தார்கள், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் செய்தார்கள். முடிவு வியாழக்கிழமை வந்தது. இப்போதைக்கு நோய் திரும்பவில்லை. இப்போதைக்கு என்ற வார்த்தையோடுதான் அந்த வார்டில் எல்லாரும் வாழ்கிறார்கள், பிரின்சியும்தான். மஞ்சள் மாத்திரை மறுபடி ஆரம்பித்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் பிள்ளைக்கு யாராவது ஆசைப் பயணம் ஏற்பாடு செய்தால் முதலில் டாக்டரிடம் காட்டி, எது கூடும், எது கூடாது என்று எழுதி வாங்குங்கள். படிவத்தில் ஆசை என்ற இடத்தைப் பிள்ளையே எழுதட்டும்; நீங்கள் பக்கத்தில் நின்று நாகரிகமாகப் பேசி அதைக் கெடுக்காதீர்கள். போட்டோ வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கார் கிடைக்காதவர்கள் கோவை உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து வால்பாறை என்று இரண்டு பஸ் மாறிப் போகலாம். காத்திருப்பதோடு சேர்த்து ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது காலை முதல் பஸ்ஸில் ஏறினால், மாஸ்க் போட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கையில் ஆஸ்பத்திரி அட்டையோடு யாராவது நிற்பார்கள். நீங்கள் சுற்றுலா வந்தவர். எழுந்து இடம் கொடுங்கள்.

பிப்ரவரித் தேதிக்கு கௌசி வரவில்லை. அன்று ரோட்டில் யானை. அடுத்த நாள் பஸ் பழுது. மூன்றாம் நாள் காலை பத்தே முக்காலுக்குச் சரசக்கா பிள்ளையோடு உக்கடத்தில் இறங்கினார். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் நான் டோக்கன் வாங்க ஓடினேன். அவர் நிற்கவில்லை. சிவப்பு மையில் எழுதிய அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் போய்விட்டார்.